சக்கரத்துக்கு உள்ளே இருந்த நட்டுகள்

அந்த டயர் கடையில் அவளை எல்லாரும் ‘டிக் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். சக்கரத்தின் நட்டுகளை முடுக்க அவள் வைத்திருந்த நீளமான டார்க் ரெஞ்ச், வேண்டிய இறுக்கம் வந்ததும் ‘டிக்’கென்று ஒரு சத்தம் கொடுக்கும். ஒவ்வொரு நட்டுக்கும் அந்தச் சத்தம் காதில் விழாமல் எந்த வண்டியையும் அவள் வெளியே விட்டதில்லை. அவசரக்காரர்கள் ஹார்ன் அடிப்பார்கள். அடித்துக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிடுவாள்.

முதலில் அவள் அங்கே பில் போடத்தான் வந்தாள். அதற்கு முன் ஒரு தையல் ஆலையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். பில் மேசைக்குப் பக்கத்திலேயே வீல் பேலன்ஸ் மெஷின் இருந்தது. அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போன அன்று, வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பார்த்துப் பார்த்தே மனப்பாடமாகியிருந்த வேலைதானே என்று அவள் எழுந்து போய் மெஷின் முன்னால் நின்றாள். வந்தவர்கள் அவளைத் தாண்டிக் கடைக்குள் எட்டிப் பார்த்து, ஆள் யாரும் இல்லையா என்று கேட்பார்கள். “நான்தான் ஆள்” என்பாள். கொஞ்ச காலத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

அவளுடைய கணவன் ஒரு பேக்கரியில் டெலிவரி வேன் ஓட்டினான். அதிர்ந்து பேசத் தெரியாதவன். சண்டை என்றால் வீட்டைச் சுற்றிக்கொண்டு போகிற ரகம். மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். நாத்தனார் குடும்பம் இரண்டு தெரு தள்ளி ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தது. நாத்தனாரின் வீட்டுக்காரரை அவள் அண்ணா என்று கூப்பிடுவாள். ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் செய்பவர். கைவேலை நன்றாகத் தெரிந்த மனிதர். அவள் வீட்டு மோட்டார் முதல் மிக்ஸி வரைக்கும் அவர் கை படாத சாமான் கிடையாது. அவருக்கு உயிர் என்றால் அவருடைய பழைய கார்தான். சின்ன வண்டி. அதைப் பெரிய வண்டியாகக் காட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

அந்த ஆசைதான் ஒருநாள் நான்கு அகலமான அலாய் வீல்களாக வந்து கடை வாசலில் இறங்கியது.

வீல்கள் வேறொரு கம்பெனி வண்டியுடையவை. அவற்றில் ஐந்து துளை. இவருடைய காரில் நான்கு போல்ட். நடுவில் மாட்டுவதற்கு அடாப்டர் என்று நான்கு வட்டத் தட்டுகளையும் எங்கோ வாங்கி வந்திருந்தார். தட்டை முதலில் காரில் சக்கரம் உட்காருகிற ஹப்பில் நட்டுப் போட்டு முடுக்க வேண்டும். பிறகு தட்டிலேயே நீட்டிக்கொண்டிருக்கும் ஐந்து போல்ட்டில் வீலை மாட்டி, அதற்குத் தனியாக நட்டுப் போட வேண்டும். வீல் ஏறிவிட்டால் உள்ளே இருக்கும் நான்கு நட்டும் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது.

அவள் தட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செய்தவர் பெயரோ அளவோ எதுவும் அதில் இல்லை. நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தது. ஹப்பின் மேல் கச்சிதமாக உட்காராமல் தட்டு முழுவதும் போல்ட்டுகளில் தொங்கிக்கொண்டிருக்கும். அதற்கும் மேல், தட்டு மெலிசு. காரின் போல்ட்டுகள் தட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வீல் சமமாகப் படியாது.

இதை அவரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். அவருடைய நண்பர் ஒருவரும் கூட வந்திருந்தார். கடைப் பையன்களும் சுற்றி நின்றார்கள். காலையிலிருந்து வேலை அதிகம், அவளுக்கு அலுப்பாக இருந்தது. தட்டைத் தூக்கிக் காட்டி, “இது கார்ல போடுற சாமானா அண்ணா, இல்ல பானை மூடியா?” என்று கேட்டுவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சரியான அளவில் நல்ல தட்டாக வாங்கி வந்தால் தானே மாட்டித் தருகிறேன் என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறியதாகவே தெரியவில்லை. வீல்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலையே நாத்தனாரிடமிருந்து ஃபோன் வந்தது. நாலு பேர் முன்னால் தன் புருஷனை அவமானப்படுத்தினாயே என்று ஒரு பாட்டம் பேசி வைத்துவிட்டாள். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. நண்பருடைய ஷெட்டில் வைத்து அவரே வீல்களை மாட்டிக்கொண்டார் என்று சில நாள் கழித்துக் கணவன் சொன்னான். கழற்றிய பழைய வீல்களை வைக்கத் தங்கள் குடியிருப்பில் இடமில்லாமல், இவர்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கொண்டுவந்து அடுக்கிவிட்டும் போயிருந்தார், அவள் இல்லாத நேரமாகப் பார்த்து. அவளுக்கு மனம் கேட்கவில்லை. ஃபோன் செய்தாள். அவர் எடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடையில் ஒரு வண்டியின் பின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கணவன் வேனை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். பையன்களுக்கு பன் பொட்டலத்தைக் கொடுத்தான். பிறகு பேச்சோடு பேச்சாக, தங்கச்சி வீட்டில் மலைமேல் பூங்காவுக்குப் போகிறார்கள், பாப்பாவையும் கூட்டிப் போகிறோம் என்றார்கள், அனுப்பிவிட்டேன் என்றான். குழந்தை போனால் இரண்டு வீட்டுக்கும் இடையில் இருக்கிற மனத்தாங்கல் தீரும் என்பது அவன் கணக்கு.

“எந்த வண்டில போயிருக்காங்க?” என்றாள்.

அவன் முகம் மாறியது. வண்டிதான் ஒரு வாரமாக நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறதே என்று இழுத்தான்.

அவள் கையைக்கூடத் துடைக்காமல் நாத்தனாருக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது முறை மகள் எடுத்தாள். அத்தை ஃபோனில் பாட்டு கேட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னாள். மலை ஏற ஆரம்பித்துவிட்டார்களாம். அம்மா, இங்கே குரங்கு இருக்கிறது என்றாள். சிரித்தபடியே அதையும் சொன்னாள்.

“அம்மா, காரு ‘டக்கு டக்கு’ன்னு சத்தம் போடுது. மாமா ரோடு சரியில்லைன்னு சொல்றாரு.”

அவள் குரலை மாற்றிக்கொள்ளாமல் கேட்டாள். சத்தம் எப்போதும் வருகிறதா, திரும்பும்போது மட்டும் வருகிறதா? வளைவில் பெரிதாகக் கேட்கிறது என்றாள் மகள். வேகமாகப் போனால்? சத்தமும் வேகமாக வருகிறது. ரோடு என்றால் பள்ளத்தில்தான் சத்தம் வரும். சக்கரத்தோடு சேர்ந்து சத்தம் வேகமாகிறது என்றால் அது சக்கரத்துச் சத்தம். ஃபோனை ஸ்பீக்கரில் போடும்மா என்றாள்.

“அண்ணா, வண்டிய ஓரம் கட்டுங்க.”

அவர், கிளம்பும்போது தானே ஒவ்வொரு நட்டையும் முடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்ததாகவும், எல்லாம் கல்லு மாதிரி இருப்பதாகவும் சொன்னார். குரலில் பழைய கோபம் இன்னும் இருந்தது. அவர் சொன்னது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். முடுக்கியிருப்பார். வெளியே தெரிகிற ஐந்தை.

“வெளிய இருக்கிறது இறுக்கமாத்தான் இருக்கும் அண்ணா. உள்ள இருக்கிற நாலு நட்டு? வீலக் கழட்டாம அதப் பாக்க முடியாது.”

வண்டியின் இரைச்சலுக்குள் ‘டக்கு டக்கு’ என்பதும் இப்போது அவளுக்குக் கேட்டது. திடீரென்று அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்த மெலிசான தட்டில் வீல் சமமாகப் படிந்திருக்கவே முடியாது. பிறகு எப்படி ஒரு வாரம் ஓடியது? கேட்கவே பயமாக இருந்தது. கேட்டாள்.

“அண்ணா, காரோட போல்ட்டு நீட்டிக்கிட்டு இருந்திருக்குமே. வெட்டிட்டீங்களா?”

“நுனிய மட்டும்தான்” என்றார் அவர்.

போல்ட்டின் நுனியை கிரைண்டரில் வெட்டினால் நட்டுக்குப் பிடிக்க மரையே இருக்காது. இரண்டு சுற்றோ மூன்று சுற்றோ பிடித்திருக்கும். அதை நம்பித்தான் அந்த வண்டி ஒரு பக்கம் பாறையும் ஒரு பக்கம் பள்ளமுமாக இருக்கிற பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் மகள் பின் சீட்டில் இருந்தாள். கத்தினால் அவர் வீம்புக்கு இன்னும் மிதிப்பார். கெஞ்சினாலும் அப்படித்தான். என்ன சொல்வது என்று தெரியாமல் அவள் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் நாத்தனாரின் குரல் கேட்டது.

“ஏங்க, நிறுத்துங்க. எனக்கு வாந்தி வருது.”

எத்தனை மலை ஏறினாலும் அவளுக்கு வாந்தி வராது. பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே வருகிறவள். அது அவள் புருஷனுக்கும் தெரியும். ஆனாலும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. இரைச்சல் மெல்ல மெல்லக் குறைந்தது. கடைசியாக இழுத்த மாதிரி ஒரு ‘டக்’. பிறகு கதவு திறக்கிற சத்தம்.

டிக் அக்கா மூச்சு விட்டாள். குழந்தையோடு பாறைப் பக்கம் தள்ளி நில்லுங்கள், பின் சக்கரங்களுக்குப் பின்னால் பெரிய கல்லாக வையுங்கள், நான் வருகிற வரைக்கும் யாரும் வண்டியைத் தொட வேண்டாம், ஜாக்கி போட வேண்டாம் என்று நாத்தனாரிடம் சொன்னாள். சரி என்றாள் நாத்தனார். அதற்கு மேல் சிக்னல் இல்லை.

கடையின் அகலமான ஜாக்கி, ஒரு பலகை, மரக்கட்டைகள், சரியான நட்டுகள், டார்க் ரெஞ்ச் எல்லாம் வேனில் ஏறின. வழியில் வீட்டுக்குப் போய் மாடிப்படிக்கு அடியிலிருந்த பழைய வீல்களையும் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே உருட்டி ஏற்றிக்கொண்டார்கள். மலைப்பாதை ஆரம்பித்ததும் கணவன், “நான்தான அனுப்பினேன்” என்றான். ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கள் என்றாள் அவள். ஒவ்வொரு வளைவுக்கும் பள்ளத்துப் பக்கத் தடுப்புச் சுவரை அவள் கண் தேடியது. சுவர் உடையாமல் இருக்கிறதா என்று. எதிரே வந்த ஒரு பஸ் ஒதுங்கி வழிவிட நேரம் பிடித்தபோது அவளுக்கு இறங்கி ஓடலாம் போல் இருந்தது.

ஒரு வளைவைத் தாண்டியதும் கார் தெரிந்தது. பாறை ஓரமாக நின்றிருந்தது. கொஞ்சம் மேலே, நாத்தனார் அவள் மகளின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் நன்றாக இருந்தாள். அவள் கண் அதோடு நிற்காமல் காரின் முன்பக்கம் போனது.

அவர் ஜாக்கி போட்டிருந்தார். சும்மா காத்திருக்க அவரால் முடிந்திருக்காது. பாறை ஓரத்துச் சக்கரத்தைக் கழற்றி ஒரு பக்கம் சாய்த்து வைத்துவிட்டு, முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் உள்ளே விட்டு எதையோ திருகிக்கொண்டிருந்தார். ஜாக்கியின் அடி ஈரமண்ணில் ஒரு பக்கமாகப் புதைந்திருந்தது. வண்டியின் பாரம் சாய்ந்த ஜாக்கியின் தலையில், விளிம்பில், நின்றது.

வேன் நிற்குமுன்பே அவள் இறங்கிவிட்டாள். கணவன் கூப்பிட வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி அடக்கினாள். பதறிப்போய் எழுந்தால் மனிதர் வண்டியைப் பிடித்துக்கொண்டுதான் எழுவார். ஓடாமல் நடந்தாள். அவர் கண்ணில் படுகிற மாதிரி முன்பக்கமாகப் போய் நின்றாள்.

“அண்ணா, கைய மட்டும் வெளிய எடுங்க. வண்டியத் தொடாம.”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர், அவள் கண் போன திசையில் ஜாக்கியைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. கைகளை மெல்ல இழுத்துக்கொண்டார். உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் முதுகு பாறையில் இடித்தது.

ஜாக்கி சத்தமில்லாமல் சாய்ந்தது. சத்தம் போட்டது கார்தான். மூக்கைக் குத்திக்கொண்டு விழுந்தது. பிரேக் டிஸ்க் மண்ணுக்குள் இறங்கியது. பின் சக்கரங்கள் கல்லில் மோதி நின்றன. கற்கள் மட்டும் இல்லாவிட்டால் வண்டி பின்னால் உருண்டிருக்கும். நாத்தனார் வைத்த கற்கள்.

அவர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஒரு நட்டு இருந்தது. ரெஞ்சே வேண்டியிருக்கவில்லை, விரலாலேயே கழன்று வந்ததாகச் சொன்னார். இன்னொரு நட்டு போல்ட்டிலேயே இல்லை. வீலின் உள்குழியில் விழுந்து கிடந்து உருண்டுகொண்டு வந்திருக்கிறது. மிச்சம் இரண்டு நட்டுதான் அந்தச் சக்கரத்தைப் பிடித்திருந்தன.

“பாத்தீங்களா, உங்க வீம்பு எங்க கொண்டுவந்து விட்டிருக்குன்னு” என்று நாத்தனார் தன் புருஷனிடம் சொல்லவில்லை. வேறு ஒருத்தியாக இருந்தால் சொல்லியிருப்பாள். போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள், அவ்வளவுதான்.

பலகையைப் போட்டு, அதன் மேல் கடை ஜாக்கியை வைத்து, மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, அண்ணனும் அவள் கணவனுமாக வண்டியைத் தூக்கினார்கள். அவள் ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி நான்கு தட்டுகளையும் எடுத்தாள். எல்லாவற்றிலும் அதே வெட்டு. பழைய வீல்களை மாட்டினாலும் அந்தக் குட்டைப் போல்ட்டில் நட்டு நிற்காது. சுமைவண்டியில் ஏற்றுகிற அளவுக்கு உருண்டால் போதும் என்று மாட்டினாள். மெதுவாக ஓட்டிக்கொண்டே இறங்கிவிடுகிறேன் என்று அவர் ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். முடியாது அண்ணா என்றாள். இந்தத் தடவை காதோடு காதாக, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அவர் தலையாட்டினார்.

கணவன் சிக்னல் கிடைக்கிற இடம் வரைக்கும் போய்க் கூப்பிட்டதில் காருக்குச் சுமைவண்டி வந்தது. மனிதர்கள் பேக்கரி வேனில் இறங்கினார்கள். காலி ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே கால் மடக்கி உட்கார்ந்திருந்த அண்ணன், பாதி மலை இறங்கியதும் பேசினார். “நீ அன்னைக்குச் சிரிச்சிருக்க வேணாம்மா” என்றார். ஆமாம் அண்ணா, சிரித்திருக்க வேண்டாம் என்றாள். நானும் போல்ட்டை வெட்டியிருக்க வேண்டாம் என்றார் அவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பாப்பாவுக்கு யாரோ ஒரு பன் கொடுத்தார்கள். பூங்காவைப் பார்க்கவில்லை என்று அழுதுகொண்டே தின்றாள்.

காரின் போல்ட்டுகளை எல்லாம் கழற்றிப் புதிது போட்டார்கள். அவருக்கு அகல வீல் ஆசை மட்டும் போகவில்லை. டிக் அக்காவும் போகட்டும் என்று சொல்லவில்லை. அவருடைய வண்டியின் ஹப்பை அவளே அளந்தாள். நடுத்துளை ஹப்பில் இடைவெளி இல்லாமல் உட்காருகிற, காரின் போல்ட்டுகள் வெளியே நீட்டாத அளவுக்குக் கனமான தட்டுகளாகப் பார்த்து வரவழைத்தாள். இவ்வளவு அகலத்துக்கு அனுமதி உண்டா என்று வண்டி ஆய்வு அலுவலகத்தில் அவரையே போய்க் கேட்டு வரச் சொன்னாள்.

அனுமதி உண்டு என்று தெரிந்த பிறகு, மாட்டுகிற அன்று அவரைப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டாள். கம்பி பிரஷ்ஷால் ஹப்பில் இருந்த துருவைச் சுரண்டுகிற வேலையை அவரிடம் கொடுத்தாள். சின்னத் துருப்பொடி நடுவில் மாட்டிக்கொண்டாலும் ஓட ஓட அது நசுங்கி, நட்டு தளர்ந்துவிடும். அவர் பளிச்சென்று சுரண்டிக் கொடுத்தார். நட்டுகளை முதலில் கையால் ஏற்றி, எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினாள். பிறகு வீல். பிறகு ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்து, டயர் எங்காவது உரசுகிறதா என்று குனிந்து பார்த்தார்கள். முன்பக்கத்து டயர் ஒரு இடத்தில் உரசுகிற மாதிரி இருந்தது. அந்த டயரை மாற்றாமல் வண்டியைத் தர மாட்டேன் என்றாள். அவருக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் மாற்றினார்.

ஊருக்குள் மட்டும் இரண்டு மூன்று நாள் ஓட்டிவிட்டு வாருங்கள், உள் நட்டை மறுபடி பார்க்க வேண்டும் என்று அனுப்பினாள். வருவாரா என்று அவளுக்குச் சந்தேகம்தான். வந்தார். நான்கு வீலையும் திரும்பக் கழற்றினார்கள். ஒரே ஒரு உள் நட்டு மட்டும் சத்தம் கொடுப்பதற்கு முன் ஒரு மயிரிழை நகர்ந்தது. அவர் அதைப் பார்த்தார். சும்மா நகர்ந்ததா, தளர்ந்திருந்ததா என்று கேட்டார். புதுசு படிகிறபோது அப்படி நகரும், அதற்குத்தான் கூப்பிட்டேன் என்றாள்.

மகள்தான் அதற்குப் பிறகும் ரொம்ப நாள் எந்தக் காரிலும் ஏறவில்லை. பள்ளிக்கூட வேனில்கூட ஏற மாட்டேன் என்று வாசலில் நின்று அழுதாள். கணவன் அவளை நடத்தியே கூட்டிப்போனான். கடையில் விடுமுறை கிடைத்த ஒரு நாள், மாமாவின் கார் தெரு முனையில் நின்றிருந்தபோது, மகள் அதைச் சுற்றி ஒரு சுற்று வந்தாள். சக்கரங்களைக் குனிந்து பார்த்தாள். அதன் பின் அம்மாவிடம், “இப்ப ஏறலாமா?” என்று கேட்டாள்.

ஏறலாம் என்று டிக் அக்கா வாயால் சொல்லவில்லை. பின்கதவைத் திறந்து முதலில் தான் ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.